ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: 1925 இலிருந்து தொடங்குங்கள்

ஜாஸ் இசையையும், அதன் வேர்களில் ஒன்றான, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையையும் எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால், பெரும்பாலானவர்கள் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டையே கைகாட்டுகிறார்கள். 1959 இல் வெளிவந்த அந்தத் தட்டின் மேன்மையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் முதல் தட்டாக அதைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதன் அடியில் ஓடும் ப்ளூஸை அறியாத காதுகளுக்கு அது இதமான பின்னணி இசையாக மட்டுமே கடந்து போய்விடக்கூடும். 1920-களில் வெளிவந்த மூன்று நிமிடத் தட்டுகளிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

அவற்றில் முதலாவது, ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. டபிள்யூ. சி. ஹேண்டி 1914 இல் வெளியிட்ட இந்தப் பாடலை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். இந்தப் பதிவுக்கு இணையாக நான் எதையும் வைக்க மாட்டேன். பதிவில் இருப்பவர்கள் மூவர் மட்டுமே: பெஸ்ஸி, டிரம்பெட்டை ஒத்த கார்னெட் வாசிக்கும் 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங், ஹார்மோனியத்தில் ஃபிரெட் லாங்ஷா. ஆம், நம் மேடைகளில் பழகிய அதே ஹார்மோனியக் குடும்பத்தின் ஒலிதான். மின் ஒலிவாங்கி இல்லாமல் ஒலிக்கூம்பின் முன் நின்று பாடிய பதிவு என்பதால் இரைச்சல் இருக்கும். அரை நிமிடத்தில் காது அதைத் தாண்டிவிடும். பெஸ்ஸி ஒரு வரியை அவசரமின்றி இழுத்துப் பாடி முடிக்கிறார். அடுத்த வரிக்கு முன் இருக்கும் சிறு இடைவெளியில், பாடகரின் சங்கதியை வாங்கித் தன் போக்கில் திருப்பித் தரும் பக்கவாத்திய வயலினைப் போல, ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார். முதல் முறை பெஸ்ஸியை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை அந்தப் பதில்களை மட்டும் பின்தொடருங்கள். ஒரு குரல் சொல்ல மற்றொன்று மறுமொழி தரும் இந்த முறைதான் ப்ளூஸின் உயிர். ஜாஸ் அதைக் கைவிடவே இல்லை.

அடுத்து, ப்ளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டாலஸ் நகரில் பதிவுசெய்த 'டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்'. இதில் பாடல் வரிகளே கிடையாது. முனகலும், கம்பிகளின் மேல் வழுக்கிச் செல்லும் கிட்டார் ஒலியும் மட்டுமே. 1977 இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற, பூமியின் ஒலிகள் அடங்கிய தங்கத் தட்டில் இதற்கும் இடம் கிடைத்தது. பிறகு ஆம்ஸ்ட்ராங்கின் 1928 ஆம் ஆண்டு 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. துணையே இல்லாமல் ஒற்றை டிரம்பெட் எழுப்பும் அந்தத் தொடக்கத்தைப் பலரும் புகழ்வார்கள். என்னை அசைப்பது, கடைசிச் சுற்றில் ஒரே உச்ச ஸ்வரத்தை அவர் நான்கு தாள அளவுகளுக்கு (இதில் ஓர் அளவு நான்கு தாள அடிகள்) விடாமல் பிடித்து நிற்கும் இடம்.

ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான ராபர்ட் ஜான்சனைக் கட்டாயம் கேளுங்கள், கிட்டார் திறமைக்காகச் சாத்தானிடம் ஆன்மாவை விற்றார் என்ற கட்டுக்கதையை மறந்துவிட்டு. 1936, 1937 ஆம் ஆண்டுகளில் டெக்சாஸில் அவர் பதிவுசெய்த 29 பாடல்களில் தெரியும் கடும் உழைப்பை அந்தக் கதை மறைத்துவிடுகிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

பழைய ஒலித்தரம் ஒத்துவராதவர்கள் மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' தட்டை எடுக்கலாம். சிகாகோவின் மின்கிட்டார் ப்ளூஸுக்குப் பெயர்பெற்றவர், 1963 இல் பட்டி கை (Buddy Guy) என்ற இளம் கிட்டார் கலைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மின்சாரமற்ற கிட்டார்களுடன் பாடியது இது. குரலுக்கும் கிட்டாருக்கும் நடுவே இருக்கும் மௌனம்கூடத் தெளிவாகக் கேட்கும்.

ஜாஸில் மூவரின் உரையாடலைக் கேட்க, பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் விடுதியில் வாசித்த பதிவுகள். பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ, பியானோவுக்கு அடிநாதம் மட்டும் தருபவராக ஒதுங்கி நிற்காமல், அதற்கு நிகராகப் பேசுகிறார். பதினொரு நாட்களில், 25 வயதில், கார் விபத்தில் அவர் இறந்துபோனார். பின்னணியில் கேட்கும் கண்ணாடிக் கோப்பைகளின் ஒலியையும் பேச்சரவத்தையும் நான் குறையாகவே கருதுவதில்லை.

இவற்றுக்குப் பிறகு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு வாருங்கள். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ஆல் ப்ளூஸ்' ஆகிய இரண்டும் பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் ப்ளூஸ் வடிவத்தில் அமைந்தவை என்பதை இப்போது காதே சொல்லிவிடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒலிப்பதிவுக் கருவியின் வேகப் பிழையால், முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் பழைய பதிப்புகளில் சற்றே சுருதி ஏறி ஒலிக்கும், 1990-களில்தான் அது திருத்தப்பட்டது.