சின்ன பியர் ஆலைக்கு உரிமம் என்றால், கள்ளுக்கும் அதே உரிமம் வேண்டும்

கோவை, திருப்பூர் பக்கம் ஓட்டல் தொழிலில் இருக்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்போதெல்லாம் மைக்ரோபிரூவரியில், அதாவது காய்ச்சிய இடத்திலேயே பியரை ஊற்றி விற்கும் சின்ன ஆலையில், வந்து நிற்கிறது. பெங்களூரில் இருக்கிறது, பாண்டிச்சேரியில் இருக்கிறது, நம்ம ஊருக்கு எப்போது வரும் என்கிறார்கள். வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதில் அழுத்தமான கருத்து இருக்கிறது. சின்ன அளவில் பியர் காய்ச்ச உரிமம் கொடுப்பதாக இருந்தால், அதே சட்டத்தின் கீழ், பனையும் தென்னையும் வைத்திருப்பவர் கள் இறக்கி விற்கவும் உரிமம் கொடுக்க வேண்டும். பியருக்கு மட்டும் கொடுப்பது அநியாயம். வியாபாரக் கணக்குப்படி பார்த்தாலும் தப்பு.

வியாபாரக் கணக்கையே முதலில் பேசிவிடுகிறேன். கிராப்ட் பியர், அதாவது சின்ன ஆலைகள் தனி ருசியில் காய்ச்சும் பியர், தொழில் இப்போது உலகம் முழுக்க அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. யார் அடி வாங்குகிறார்கள், யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் என்று ஒரு ஆலை, 1896-ல் தொடங்கியது. இழுத்து மூடும் நிலையில் இருந்ததை 1965-ல் பிரிட்ஸ் மேட்டாக் என்பவர் வாங்கி நிமிர்த்தினார். பெரிய கம்பெனிகளின் ஒரே ருசியில் ஊறிப்போயிருந்த அமெரிக்காவில் சின்ன ஆலைக்கும் இடமுண்டு என்று காட்டியது அதுதான். 2017-ல் ஜப்பானின் சப்போரோ கம்பெனி அதை வாங்கியது. 2023 ஜூலையில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருடம் சொபானி தயிர்க் கம்பெனியின் நிறுவனர் ஹம்டி உலுகாயா வாங்கினார் என்பது வேறு விஷயம். சான் டியாகோவின் பேலஸ்ட் பாயின்ட் ஆலை 2015-ல் 100 கோடி டாலருக்கு விலைபோனது. நாலே வருடத்தில், வாங்கிய கம்பெனியே அதை ஒரு சின்ன ஆலைக்காரரிடம் தள்ளிவிட்டது. 2024-ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த கிராப்ட் ஆலைகளைவிட மூடிய ஆலைகள் அதிகம். அங்கே 9,000-க்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன, ஆனால் மொத்த பியர் விற்பனை அளவில் அவற்றின் பங்கு 13 சதவீதம் போலத்தான்.

இதில் பலமாக அடிபட்டவர்கள் மாநிலம் மாநிலமாகச் சரக்கு அனுப்பி, கடை அலமாரியில் இடம்பிடிக்கப் போட்டி போட்டவர்கள். காய்ச்சிய இடத்திலேயே ஊற்றி விற்பவர்கள் அவ்வளவு மோசமாகவில்லை. நடுவில் ஏஜென்ட் இல்லை, லாரி இல்லை, பாட்டில் இல்லை. குடிக்க வருபவர் உள்ளூர்க்காரர்.

நம் நாட்டிலும் அதே கதைதான். பீரா 91 பியர் கம்பெனி 2015-ல் வந்தபோது எங்கே பார்த்தாலும் அதன் சின்னமான குரங்குப் படம்தான். முதலீடு கொட்டியது, ஜப்பானின் கிரின் கம்பெனிவரை உள்ளே வந்தது. அப்புறம் பங்குச்சந்தைக்குப் போகும் ஏற்பாட்டில் கம்பெனிப் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற சொல்லை எடுத்தார்கள். மதுபானம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஜி.எஸ்.டி.க்குள்ளும் வராது. ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைத் தனித்தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். பெயர் மாறியதால் எல்லா மாநிலத்திலும் மறுபடி பதிவு. மாதக்கணக்கில் விற்பனை நின்றது, பழைய லேபிள் ஒட்டிய சரக்கு வீணாகிப்போனது. 2023-24 நிதியாண்டில் 638 கோடி ரூபாய் வருமானத்துக்கு 748 கோடி நட்டம் என்று பத்திரிகைகளில் வந்தது. தொழிலாளிகளின் சம்பளம்கூடப் பாக்கி நின்றதாக அப்புறம் செய்தி வந்தது. இந்தத் தொழிலில் எல்லை தாண்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு சர்க்கார் கையை நீட்டும். பெரிய கம்பெனிக்கே இந்தப் பாடுதான். 2025 ஜனவரியில் தெலங்கானா அரசு வைத்திருந்த பாக்கிக்காகவும் விலை உயர்வுக்காகவும் யுனைடெட் பிரூவரீஸ் சரக்கு அனுப்புவதையே சில நாட்கள் நிறுத்தி வைத்தது. கிங்பிஷர் விற்கும் கம்பெனி அது. அவர்களால் முரண்டு பிடிக்க முடியும், சின்ன ஆளால் முடியுமா?

புனேவில் 2009-ல் டூலாலி, பெங்களூர் இந்திராநகரில் 2010-ல் டாய்ட் என்று ஆரம்பித்த இடங்கள் பிழைத்து வளர்ந்ததற்குக் காரணம், டேங்கிலிருந்து நேராக கிளாசுக்குப் போகும் வியாபாரம். கர்நாடகத்தில் பியர் மீதான வரியை 2023-லிருந்து திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். அப்படியும் பெங்களூரில் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார இடம் கிடைப்பதில்லை.

இந்த டேங்க் விஷயத்தில் எனக்கு நேரடி அக்கறை உண்டு. கோவை கணபதியில் எங்களுக்குச் சின்ன எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது, பால் குளிரூட்டும் டேங்க் செய்கிறோம். பியர் நொதிக்க வைக்கும் டேங்க்கும் கிட்டத்தட்ட அதே சாமான்தான். உள்ளே 304 கிரேடு தகடு, சுற்றிலும் கிளைக்கால் என்ற குளிரூட்டும் திரவம் ஓடும் ஜாக்கெட், ஈஸ்ட் அடியில் இறங்கி நிற்கக் கூம்பு. வேலையின் உயிர் உள்பக்க வெல்டிங்கில் இருக்கிறது. டிக் வெல்டிங் வைக்கும்போது பின்பக்கம் ஆர்கான் வாயு நிறைத்திருக்க வேண்டும். சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிட்டால் வெல்டின் முதுகு கருகிச் சொரசொரவென்று பொரிந்துவிடும். விரலால் தடவினாலே தெரியும். அந்தப் பொரிவுக்குள் பாக்டீரியா குடியேறினால் காஸ்டிக் விட்டு எத்தனை முறை கழுவினாலும் போகாது, அடுத்த ஈடு புளித்துப்போகும். இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் வெல்டர்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ஆக, கொங்கு நாட்டில் இந்தத் தொழிலுக்குக் கைவேலை தயாராக இருக்கிறது. உரிமத்தைக் கோடிக்கணக்கில் முதல் போடுகிற நட்சத்திர ஓட்டலுக்கு மட்டும் கொடுத்தால் ஊருக்கு நாலு பெரிய டேங்க் வேலை வரும், அதுவும் இறக்குமதியாகவே வந்து இறங்கும். சின்ன ஆட்களையும் உள்ளே விட்டால் இருநூறு லிட்டர், முந்நூறு லிட்டர் டேங்க் நூறு இடத்துக்குப் போகும்.

சரி, கள்ளுக்கு வருகிறேன்.

கிராப்ட் பியர்க்காரர்கள் எதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்களோ அதெல்லாம் கள்ளில் முன்பிருந்தே இருக்கிறது. உள்ளூர் விளைபொருள் வேண்டும் என்று கேழ்வரகு போடுகிறார்கள், மாம்பழம் போடுகிறார்கள், டாய்ட்டில் பாஸ்மதி அரிசி போட்ட பியருக்குத் தனிப் பேர். ஆனாலும் பார்லி ராஜஸ்தானிலிருந்தோ ஹரியானாவிலிருந்தோ வர வேண்டும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கப்பலேறி வர வேண்டும். பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு பியர், ஈஸ்ட் போடாமல் காற்றிலிருக்கும் நுண்ணுயிரே இறங்கிப் புளிக்க வைக்கிறது. அதைத் தேடிப் போய் விலை கொடுத்துக் குடிக்கிறார்கள். நம் மரத்துப் பாளையில் நடப்பதும் அதே இயற்கை நொதிப்புதான்.

தென்னையில் விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டிவிட்டு, நுனியை மெல்லிசாகச் சீவுவார்கள். தட்டு பலமாக விழுந்தால் பாளை கெட்டுப்போகும், குறைவாக விழுந்தால் சொட்டு இறங்காது. சீவலும் அப்படித்தான், அரிவாளின் கூர் மழுங்கியிருந்தால் பாளை நார் நாராகக் கிழிந்து சாறு நின்றுவிடும். சாறு பிடிக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காத இனிப்புச் சாறு, அதுதான் தெளுவு. தடவாமல் கட்டினால் மரத்திலிருக்கும்போதே நொதிக்க ஆரம்பித்துக் கள்ளாகிறது. ஒரு நாள் போனால் கடும் புளிப்பு, அப்புறம் காடி. இதைச் சென்னைக்கோ டெல்லிக்கோ அனுப்பி விற்க வழியே இல்லை. இறக்கிய ஊரில், இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். அமெரிக்காவில் எந்த வகை ஆலை தாக்குப்பிடிக்கிறது என்று மேலே சொன்னேனே, இது அந்த வகையிலேயே ஆகச் சின்னது.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. எங்கள் தோப்பு ஆனைமலைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. அதே மண், அதே மரம், அதே காற்று. அங்கிருந்து கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் பர்மிட்டோடு கள் போகிறது. எங்கள் தோப்பில் தேங்காய் போடவரும் அண்ணன் ஒருவர் சில மாதம் அந்தப் பக்கம் கள் இறக்கப் போய்விடுவார். "ஏனுங்க, அந்தப் பக்கம் ஏறுனா கூலி, இந்தப் பக்கம் ஏறுனா கேசுங்களா?" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தென்னைக்காரன் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் பொள்ளாச்சியில்தான் சுருள் வெள்ளை ஈயை நாட்டிலேயே முதலில் கண்டார்கள், இன்றுவரை ஓலையெல்லாம் கரும்பூஞ்சை. அதற்கு மேல் வாடல் நோய். காயை மட்டும் நம்பித் தோப்பு வைத்திருந்த காலம் போய்விட்டது. நொதிக்காத தென்னஞ்சாறான நீராவுக்கு அரசு அனுமதி கொடுத்தது நல்ல விஷயம்தான். ஆனால் நீரா நொதிக்கவே கூடாது என்பதால் மரத்திலேயே ஐஸ் பெட்டி, கீழே குளிரூட்டும் வண்டி, கடையில் பிரிட்ஜ் என்று முதலிலிருந்து கடைசிவரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அஞ்சு ஏக்கர்க்காரனால் அது ஆகாது, பத்து மரம் குத்தகைக்கு எடுத்து ஏறுபவரால் நிச்சயம் ஆகாது.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து செ. நல்லசாமி ஐயா கள் இயக்கத்தைப் பல வருடங்களாக விடாமல் நடத்திவருகிறார். அவர் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை. கள் ஒரு உணவு என்பது அவருடைய வாதம். அதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சத்து இருக்கலாம், ஆனால் பியரில் இருக்கும் அளவுக்கு ஆல்கஹாலும் கள்ளில் இருக்கிறது. மதுபானம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மதுபானத்துக்குரிய கட்டுப்பாடுகளோடு உரிமம் கேட்பதே நேர்மை. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி 42.8 சதவீதம். அதை அரசே விற்கும்போது, ஐந்தாறு சதவீதம் உள்ள கள்ளை விற்றால் கைது என்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

எதிர்ப்பு வரும் என்று தெரியும், அந்த எதிர்ப்புக்கு இந்த மண்ணில் பெரிய வேர் இருக்கிறது. ராஜாஜி 1937-ல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அதற்கு முன்பே திருச்செங்கோட்டு ஆசிரமத்தை வைத்துக்கொண்டு குடிக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர் அவர். பெரியார் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் நின்றார்கள். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர்கள் போராடினார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் இன்றைக்கு அந்த வீடுகளை அழிப்பது தெருமுனைக் கடையில் கிடைக்கும் குவார்ட்டர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்.

கலப்படம் என்ற பயம் மட்டும் முழுக்க நியாயமானது. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கலக்கும் அயோக்கியத்தனம் நடந்திருக்கிறது. மரத்தின் கொள்ளளவுக்கு மேல் விற்க ஆசைப்படும்போதுதான் கலப்படம் நுழைகிறது. ஒரு தென்னை நாளுக்கு லிட்டர், ஒன்றரை லிட்டர் கொடுக்கும். அதனால் உரிமத்தை மரக் கணக்கோடு கட்டிவிட வேண்டும். இத்தனை மரம், இத்தனை லிட்டர், மரத்துக்கு எண், அதற்கு மேல் ஒரு சொட்டு விற்றாலும் உரிமம் ரத்து. இறக்கிய கிராமத்தில் மட்டுமே விற்பனை, டேங்கர் வண்டியில் ஏற்றக்கூடாது, மொத்த ஏலம் கூடவே கூடாது. ஒரே ஆள் நூறு உரிமத்தைப் பினாமியில் வாங்கினால் நாம் திரும்பவும் பழைய கள்ளுக்கடைக் குத்தகைக்காரர்களிடம்தான் போய் நிற்போம். பியருக்கும் இதே விதி: காய்ச்சும் இடத்திலேயே விற்பனை, அளவுக்கு உச்சவரம்பு, ஒருவருக்கு ஒரு உரிமம்.

மற்ற மாநிலங்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கோவா பெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கி, 2016-ல் அதை மாநிலத்தின் பாரம்பரிய பானமாக அறிவித்தது. மத்தியப் பிரதேசம் பழங்குடிகள் வடிக்கும் இலுப்பைப்பூ மதுவுக்குப் பாரம்பரிய மது என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. பனையை மாநில மரமாக வைத்திருக்கும் நாம் பனையேறியை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகிறோம்.

மைக்ரோபிரூவரி கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பியர் காய்ச்ச நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் பியருக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும், கழிவுநீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மிகுந்திருக்கும். நொய்யலுக்குச் சாயப்பட்டறைகள் செய்ததையும், 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம். சுத்திகரிப்புத் தொட்டி இல்லாமல் ஒரு ஆலைக்கும் உரிமம் தரக்கூடாது. காய்ச்சி வடித்த பார்லிச் சக்கையைச் சாக்கடையில் தள்ளாமல் அன்றைக்கே மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். நல்ல தீவனம் அது, ஒரு நாள் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் பக்கத்துப் பண்ணையோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனை, எனக்கு முக்கியமானது. கள் கடையோ பியர் கடையோ, எந்த ஊரில் வருகிறதோ அந்த ஊர்க் கிராம சபையில், நகரமென்றால் அந்த வார்டில், பெண்கள் தனியாக ரகசிய வாக்குப் போட வேண்டும். அவர்களில் பாதிக்கு மேல் சம்மதித்தால்தான் உரிமம். வருடா வருடம் புதுப்பிக்கும்போதும் அதே வாக்கெடுப்பு. வேண்டாம் என்றால் அந்த வருடமே கடையை எடுத்துவிட வேண்டும், மேல்முறையீடெல்லாம் கிடையாது. டாஸ்மாக் கடைகளுக்கும் சேர்த்து இதைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கள் பற்றிக் கேட்டால் "பரிசீலிப்போம்" என்கிறார்கள். அடுத்த முறை வரும்போது மரக் கணக்கு, உச்சவரம்பு, பெண்கள் வாக்கு இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனைமலை, உடுமலை, காங்கேயம், கொடுமுடிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், மரம் ஏறுபவர்கள், கோவையில் பியர் ஆலை வைக்க நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் பேசுங்கள். தாளில் என்ன சேர்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.