கயிற்றிலிருந்து உருவிய தாள்கள்

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் தேநீர்க் கடையில் நடந்ததைப் பலரும் பார்த்தீர்கள். கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய நம் பகுதியின் நான்கு பக்க மாத இதழை ஒவ்வொன்றாக உருவிக் கிழித்துச் சாக்கடையில் போட்டவர்கள், அது மதத்தைப் புண்படுத்துகிறது என்றார்கள். ஆடித் திருவிழாவில் இரவு 10 மணிக்கு மேலும் ஒலிபெருக்கி அலறுவதால் நோயாளிகள் தூங்க முடியவில்லை என்பதைத் தவிர அந்தக் கட்டுரையில் எதுவுமில்லை.

நானும் அந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். என் பக்திக்கு அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு காவல். கட்டுரையாளருக்கு 19ஆவது பிரிவு காவல். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கிழிக்க யாருக்கும் உரிமையில்லை.

"வேறு மதம் என்றால் வாய் திறப்பார்களா?" என்கிறார்கள். ஒலிபெருக்கியால் அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நம் மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தேவாலயத்தின் வழக்கில்தான்.

"எழுதட்டும், கடையில் ஏன் தொங்கவிட வேண்டும்?" என்று கேட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை போட்டபோது, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். கருத்துரிமைக்குள் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்று சொல்லி 1950இல் அந்தத் தடையை நீதிமன்றம் நீக்கியது. படிப்பவர் கைக்குப் போய்ச் சேராத இதழை அச்சடித்து என்ன பயன்?

பொது ஒழுங்கு கெடுமென்றால் கட்டுப்படுத்தலாமே என்பவர்கள், மறு ஆண்டே வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் காட்டுகிறார்கள். அந்தத் திருத்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் பேரில் கட்டுப்பாடு விதிக்கச் சட்டம் வேண்டும், அதுவும் நியாயமானதாக இருக்க வேண்டும்; நாலு பேர் கோபப்படுவது சட்டமாகாது. மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையை முடக்கக்கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும் அன்று வந்த காவலர், "எதுக்கும்மா வம்பு, எடுத்துடச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் சொன்னார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, நெற்றி நிறைய விபூதியோடு, கடவுள் இல்லை என்று எழுதும் நாளிதழை அதே தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத தன் கூட்டாளிக்கு வரிவரியாகப் படித்துக் காட்டுவார். இடையிடையே திட்டுவார். முடிந்ததும் நான்காக மடித்து அடுத்தவரிடம் நீட்டுவார். ஒருநாளும் கிழித்ததில்லை.

பத்தாண்டாக என்னோடு கூழ் அண்டாவுக்குக் கைகொடுத்தவரே, "நீயெல்லாம் அம்மனுக்கு விரதம் இருக்கிறவளா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஆண்டும் கூழ் ஊற்றுவேன். அடுத்த மாத இதழை அதே கயிற்றில் என் கையால் மாட்டுவேன்.