பூஜ்யம் காட்டும் ரிப்போர்ட்

"கிரிட்டிக்கல் எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் பூஜ்யம் ஆகணும்." முன்பு வேலை பார்த்த இடத்தில், நம் சாஃப்ட்வேரிலும் அதில் சேர்த்த லைப்ரரிகளிலும் (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் ரிப்போர்ட் வரும்போதெல்லாம் மேலிருந்து வரும் உத்தரவு இது. கிரிட்டிக்கல் என்றால் மிக ஆபத்தான ஓட்டைகள். ஒவ்வொரு முறையும் பூஜ்யம் ஆக்கிக் காட்டினோம். எப்படி என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். பாதியை "ஏற்கத்தக்க அபாயம்" என்று குறித்து மூடினோம், மீதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு புதிய வெர்ஷனை ஏற்றினோம். இந்த ஓட்டை நம் கோடில் உண்மையிலேயே எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

2021 டிசம்பரில், லாக் பதிவுசெய்யும் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில் ஒரு ஓட்டை வெளிப்பட்டு அந்த லட்சணத்தைக் காட்டிக்கொடுத்தது. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. லாகின் பெட்டியில் ஒருவர் தட்டும் ஒரு வரி லாகில் பதிவானாலே போதும், வெளியிலிருந்து கோடை இழுத்து ஓடவைக்கலாம். ஓட்டையை அடைக்கும் பேட்ச் உடனே வந்துவிட்டது. ஆனால் அதை எங்கே போடுவது? அந்த லைப்ரரியை நாங்கள் யாரும் நேரடியாகச் சேர்த்திருக்கவில்லை. நாங்கள் சேர்த்த ஒன்று வேறொன்றை இழுத்துவர, அதன் வயிற்றுக்குள் இது உட்கார்ந்திருந்தது. சர்வர் சர்வராகப் போய் ஃபைல் பெயரைத் தேடினோம். தேடி முடிப்பதற்குள், 2.15.0 போதாது 2.16.0 போடுங்கள் என்றார்கள். அப்புறம் 2.17.0. எல்லாம் அதே மாதத்தில்! எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்திருந்தவர்கள் அதையே மறுபடி ஓட்டினார்கள். நாங்கள் மறுபடி முதலிலிருந்து தேடினோம்.

"அப்படியென்றால் எப்போதும் லேட்டஸ்ட் வெர்ஷனில் இருந்துவிட்டால் போச்சு" என்பார்கள். 2024 மார்ச்சில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரி விஷயத்தில் மாட்டியது லேட்டஸ்டில் இருந்தவர்கள்தான். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு புனைபெயர், 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு வைத்தது. பழைய வெர்ஷனிலேயே இருந்த சர்வர்கள் தப்பின. அன்று எந்த ஸ்கேனரும் சிவப்பு காட்டியிருக்காது. எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் துருவிப் பார்த்ததால்தான் வெளியே வந்தது. (அந்த ப்ராஜெக்டைப் பல வருடம் சம்பளமில்லாமல் கிட்டத்தட்ட தனியாகப் பார்த்துவந்தவரை, "ஏன் இவ்வளவு மெதுவாக" என்று திட்டித் திட்டித்தான் புதியவரை உள்ளே விடவைத்தார்கள். நம் எல்லோருடைய சர்வரும் அந்த ஒற்றை ஆள் தலையில்.)

இதை வைத்து அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கமெண்டில் வராதீர்கள். வெப்சைட் கட்ட உதவும் ஸ்ட்ரட்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச் வந்தும் போடாமல் விட்ட அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் ஈக்விஃபாக்ஸில் மே மாதம் புகுந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

என் கணக்கு இதுதான். ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிற ஓட்டை என்றால் அன்றிரவே பேட்ச். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அப்படிப்பட்டவற்றுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதைப் பார்த்தாலே பாதி பதற்றம் குறையும். அடுத்து, இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கிறவை. டெஸ்ட்டுக்கு மட்டும் ஓடும் லைப்ரரியில் இருக்கும் "கிரிட்டிக்கல்" காத்திருக்கட்டும். அவசரமில்லாத புது வெர்ஷன்களைச் சில நாள் ஆறவிட்டு எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இப்போதைய டீமில் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு லைப்ரரியின் பெயரைச் சொல்லி, "இது எங்கெல்லாம் இருக்கிறது?" என்று கேட்கிறோம். முதல் தடவை பதில் வர இரண்டு நாள் ஆனது. போன மாதம் நாற்பது நிமிடம். ரிப்போர்ட்டில் சிவப்பு இன்னும் இருக்கிறது.