பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு ஐடிஐ பற்றியும் சொல்லுங்கள்

பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்ற உங்கள் கட்டுரையில் ஐடிஐ-க்கு, அதாவது தொழிற்பயிற்சி நிலையப் படிப்புக்கு, ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு அது போதாது. துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வண்டித் தொழிற்சாலை எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

பிட்டர் (இயந்திர பாகங்களைப் பொருத்தும் வேலை), எலக்ட்ரீசியன் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரு வருடம்தான், எட்டாவது தேறினாலே சேரலாம். நான் மணலியில் பைப் வெல்டர். சான்றிதழ் கையில் வந்ததும் நின்றுவிடாதீர்கள் தம்பிகளே. ஆர்க் வெல்டிங்கோடு, ஆர்கான் வாயு விட்டுப் பற்றவைக்கும் டிக் வெல்டிங்கும் பழகுங்கள். 6ஜி என்ற பைப் வெல்டிங் சோதனையில் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டியிருப்பார்கள், நாம்தான் அதைச் சுற்றி வளைந்து பற்றவைக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூடக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனையில் தேறியவருக்கும் ஜன்னல் கிரில் மட்டும் அடிப்பவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம். கண்ணாடியும் கையுறையும் தராத இடத்தில் மட்டும் வேலைக்கு நிற்காதீர்கள், கண் போனால் போனதுதான்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎப்-பில் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கிறார்கள், உதவித்தொகையும் உண்டு. நிரந்தர வேலைக்கு அது உறுதி கிடையாது, ஆனால் அங்கே கிடைக்கும் பயிற்சிக்கு மதிப்பு அதிகம்.

இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் ஐடிஐ-யில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. தயவுசெய்து இதையெல்லாம் தனிக் கட்டுரையாகப் போடுங்கள்.