பதிவு செய்வது சுலபம், பிரிவதுதான் கஷ்டம்
கூட்டாகத் தொழில் தொடங்குவது பற்றிய இந்தக் கட்டுரை, தொழிலைப் பதிவு செய்து முடித்தால் வக்கீலின் வேலையும் முடிந்தது, கூட்டாளிகளுக்குள் போடும் ஒப்பந்தத்துக்கு இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவமே போதும் என்று சொல்வதில் முதல் பாதியைக்கூட ஒத்துக்கொள்ள முடியவில்லை. பதிவை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், சரி. அப்புறம்தானே சிக்கலே வருகிறது. நண்பர் ஒருவர் கூட்டாளியோடு சேர்ந்து இப்படித்தான் தொடங்கினார், படிவத்தில் லாபத்தைப் பிரிப்பது பற்றி விலாவாரியாக இருந்தது, ஆனால் ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் வாங்குவது, மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு வரிகூட இல்லை. கூட்டாளி விலகியதும் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு என்பதும் அப்படியே நம்பக்கூடியது இல்லை, கடனுக்கோ கட்டட வாடகைக்கோ தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த அளவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் படித்துச் சொல்லத்தான் பக்கத்திலேயே ஒரு வக்கீல் வேண்டும். மேலே கருத்துப் போட்ட ஒருவர், கூட்டாளிகள் எல்லோருக்கும் ஒரே வக்கீல் போதும் என்று எழுதியிருக்கிறார். தகராறு வந்தால் அவர் யார் பக்கம் நிற்பார்? அவருடைய கட்சிக்காரர் கம்பெனியா, நீங்களா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.