ஜப்பானியப் பெண் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் முன் அவள் பிறந்த வருடத்தை முடிவு செய்யுங்கள்

தமிழில் கதை, நாவல், காமிக்ஸ் எழுதுகிறவர்கள் ஜப்பானியப் பெண் பாத்திரங்களைப் படைப்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெயர் வைக்கிற விதம் வருத்தம் தருகிறது. 'அர்த்தமுள்ள பெண் பெயர்கள்' என்று ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, யுகி என்றால் பனி, சகுரா என்றால் செர்ரிப்பூ என்று ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜப்பானியப் பெயரின் அர்த்தத்தை ஒலியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. யார் வைத்தார்கள், எந்தக் காலத்தில் வைத்தார்கள், எந்தக் கான்ஜியில் (சீனத்திலிருந்து வந்த, பொருள் தாங்கிய எழுத்து) எழுதினார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அர்த்தம் பிடிபடும்.

யுகியையே பாருங்கள். பனி என்ற எழுத்திலும் எழுதலாம், பாக்கியம் என்ற எழுத்திலும் எழுதலாம், இரண்டு எழுத்துகளைக் கூட்டி வேறு பல விதமாகவும் எழுதலாம். ஆணுக்கும் அந்தப் பெயர் உண்டு. முதல் எழுத்தை நீட்டி யூகி என்றால் அது வேறு பெயர். அகிகோவில் வரும் அகி இலையுதிர்காலமாக இருக்கலாம், வெளிச்சமாக இருக்கலாம், பளிங்காகவும் இருக்கலாம். கவிஞர் யொசானோ அகிகோவின் (1878–1942) இயற்பெயர் ஷோ. ஷோ என்றும் அகி என்றும் வாசிக்கக்கூடிய பளிங்கு எழுத்தை எடுத்து, பின்னால் 'கோ' சேர்த்து அவர் தன் புனைபெயரை அமைத்துக்கொண்டார்.

காலம்தான் முதல் சல்லடை. ஹெயன் காலத்து (794–1185) அரசவைப் பெண் என்றால் அவளுடைய இயற்பெயர் வெளியில் புழங்காது. 'கெஞ்சியின் கதை' எழுதிய முரசாகி ஷிகிபுவின் பெயரில் ஷிகிபு என்பது அவர் தந்தை வகித்த சடங்குத் துறைப் பதவியைக் குறிக்கிறது. சொந்தப் பெயர் என்னவென்று இன்றுவரை உறுதியாகவில்லை. எடோ காலத்து (1603–1868) ஊர்ப் பெண் என்றால் இரண்டு அசைப் பெயருக்கு முன்னால் 'ஒ' சேரும்: ஒஹரு, ஒகிகு. மெய்ஜி காலத்திலும் (1868–1912) சாதாரண வீடுகளில் ஹரு, உமே, ட்சுரு, காமே போன்ற சின்னப் பெயர்கள்தான். ட்சுரு என்றால் கொக்கு, காமே என்றால் ஆமை, இரண்டுமே நீண்ட ஆயுளுக்கு வைப்பது. தோமே என்றால் நிறுத்து. சுயே என்றால் கடைசி. இதோடு பிள்ளை போதும் என்று நினைத்த வீட்டில் வைத்த பெயர்கள் இவை. வேண்டாம் என்று நினைத்தபோது பிறந்த பெண்ணைப் பற்றி எழுதுகிறீர்களா? நூறு பூப்பெயர்கள் தராத கனத்தை ஒரு 'தோமே' தந்துவிடும்.

'கோ' விகுதி முன்பு உயர்குடிப் பெண்களுக்கு உரியது. மெய்ஜியில்தான் மெல்லப் பரவியது. 1871இல் ஆறு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, 2024 முதல் 5000 யென் தாளில் இருக்கும் பெண் கல்வி முன்னோடி ட்சுடா உமேகோ பிறக்கும்போது வெறும் உமேதான். 1902இல்தான் உமேகோ ஆனார். 1926 டிசம்பரில் பேரரசர் ஹிரோஹிதோவின் ஷோவா ஆட்சி தொடங்கியதும் அந்தச் சொல்லின் 'வா' எழுத்தையே 'கசு' என்று வாசிக்கும் கசுகோ பெருகியது. 1920களின் கடைசியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான ஆண்டுகளில் முதலிடம் அதற்குத்தான். பிறகு கெய்கோ, யுமிகோ. 1980களில் 'கோ' உதிர்ந்து ஐ, மெகுமி வருகிறார்கள், 1990களில் மிசாகி, 2000க்குப் பின் ஹினா, யுய், அஓய். எண்பது வயதுப் பாட்டிக்கு ஹினா என்றும் பள்ளிச் சிறுமிக்குக் கசுகோ என்றும் வைத்தால் ஜப்பானை அறிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். அரச குடும்பம் மட்டும் 'கோ'வை விடவில்லை. 2001இல் பிறந்த இளவரசி அஇகோவின் பெயர், அன்பைப் பற்றிய சீனத் தத்துவஞானி மென்சியஸின் வாசகத்திலிருந்து எடுத்தது.

அடுத்தது எழுத்து. பிறப்புப் பதிவில் சுமார் 3000 கான்ஜிகளுக்கு மட்டுமே அனுமதி. 2025 மே மாதத்திலிருந்து வாசிப்பொலியும் குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது. எழுத்துக்கும் வாசிப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் வைக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தும் அழகாக இருந்தாலும் கூட்டும்போது கவிழலாம். கடல், நிலவு இரண்டையும் சேர்த்து 'மிசுகி' என்று வைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: குராகே, அதாவது ஜெல்லிமீன். அதனால் தேர்ந்த கூட்டை முதலில் சாதாரண அகராதியில் போட்டுப் பாருங்கள். எல்லா எழுத்திலும் பொருள் தேடவும் வேண்டாம். நானா, கனா போன்ற பெயர்களில் வரும் 'ந' எழுத்து பெரும்பாலும் ஒலிக்காக மட்டுமே.

குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஓபா கனகோ என்று வேகமாகச் சொன்னால் 'ஓபாகா ந கோ', மகா முட்டாள் பெண் என்று காதில் விழும். மாரி என்ற பெண் மிசுதா வீட்டில் மருமகளானால் மிசுதாமாரி, மழைநீர் தேங்கிய குட்டை. சட்டப்படி தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான், மாற்றிக்கொள்பவர் பெரும்பாலும் மனைவி. ஆகவே கதை நடுவில் கல்யாணம் இருந்தால் அந்தப் பெயரையும் சோதித்துவிடுங்கள். ஓகினாவாப் பெண் என்றால் சுசுகி, தனாகா வேண்டாம்; ஹிகா, கின்ஜோ, மியாகி என்று வையுங்கள்.

தமிழ் எழுத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒ, ஓ வேறுபாட்டைக் காட்ட முடிவது பெரிய வசதி. ஆனால் சொல் நடுவில் வரும் ஒற்றைக் 'க'வை நாம் மென்மையாக வாசிப்போம். பூத்தல் என்ற பொருளில் வைக்கிற 'சகி' நம் வாயில் மோசடி என்று பொருள்படும் வேறொரு ஜப்பானியச் சொல் ஆகிவிடுகிறது. 'க்' சேர்த்து அழுத்தினாலும் தவறுதான், ஜப்பானியத்தில் இரட்டித்தால் பொருளே மாறும். நாயகி பெயர் முந்நூறு பக்கம் வரப்போகிறது என்றால் இந்தத் தொல்லையில்லாத பெயரைத் தேர்வதே நல்லது: ஷியோரி, அயுமி, சயுரி, மினமி, ஹருனா.

கான்ஜியை அச்சில் காட்டாமல் வாசகருக்கு அர்த்தம் எப்படிச் சொல்வது? ஜப்பானியர்களே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். புதிதாய்ச் சந்திப்பவரிடமும் தொலைபேசியிலும் எந்த எழுத்து என்று விளக்குவது அங்கே அன்றாட வழக்கம்.

"அகிகோன்னா எந்த அகி? இலையுதிர்காலமா?"

"இல்லைங்க, விடியல். தாத்தா வச்ச பேரு."

இரண்டே வரியில் எழுத்தும் வந்தது, பெயர் வைத்தவரும் வந்துவிட்டார். அடிக்குறிப்பு போட்டுக் கதையை நிறுத்த வேண்டியதில்லை.

கடைசியாக, அந்தப் பெயரை யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். அலுவலகத்தில் அவள் குடும்பப் பெயரோடு 'ஸன்' என்ற மரியாதை விகுதி. வீட்டிலும் தோழிகளிடமும் சுருக்கிய பெயரோடு 'ச்சன்' என்ற செல்ல விகுதி, மிச்சிகோ என்றால் மிச்சன். வெறும் பெயரைச் சொல்லி அழைக்கிறான் என்றால் அவன் நெருங்கியவன், இல்லையென்றால் மரியாதை தெரியாதவன். மேலாளரிலிருந்து காதலன் வரை எல்லாரையும் 'அகிகோ' என்றே கூப்பிட வைத்தால், தேடித்தேடி வைத்த பெயர் வெறும் அடையாளச் சீட்டாகிவிடும்.