ஞாயிறு ராத்திரி மட்டும் வயிறு கிடையாதா?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்ததே, சேப்பாக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றுதான். தெருவுக்கு நாலு மெஸ் என்று வேறு சொன்னார்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் ஞாயிறு மதியம் கறிக்குழம்போடு சாத்தினால் திங்கள் காலைதான் கதவு திறக்கும். காசு மட்டும் 30 நாளுக்கும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார் எங்கள் மெஸ்காரர். கேட்டால், "தம்பி, மாஸ்டருக்கும் லீவு வேணும்ல" என்கிறார். நியாயம்தான். அப்புறம் நாலு ஞாயிறு காசைக் கழிக்க வேண்டியதுதானே? அதற்கு மட்டும் காது கேட்காது.

சரி, அறையில் சமைக்கலாம் என்றால், இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்தாலே மேன்ஷன் மேனேஜருக்குக் கரண்ட் பில் ஞாபகம் வந்துவிடுகிறது. அம்மா உணவகத்தின் 1 ரூபாய் இட்லி காலையோடு சரி. செயலியில் சொன்னால், 70 ரூபாய் பரோட்டா டெலிவரி, பேக்கிங் என்று சேர்ந்து 130-ல் வந்து நிற்கிறது.

ஆக, ஞாயிறுதோறும் கெட்டிலில் நூடுல்ஸ். (முட்டையும் அவிக்கலாம். ஆனால் மறுநாள் டீயிலும் அந்த வாடை வரும்.) சரியாக அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன்: "என்னப்பா சாப்ட்ட?"

"தோசைம்மா."